சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட கச்சேரி

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "தாத்தாவின் ரேடியோக் கதையை எடுத்து விடு" என்பார்கள். நானும் சளைக்காமல் எடுத்து விடுவேன். கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்டம், அங்கே கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தா, முதலாளி வீட்டுத் தாழ்வாரத்தில் பாட்டரியில் பாடிய ஒரு பெட்டி, அதைக் கேட்க அரிக்கேன் விளக்கும் கையுமாக மேடேறி வந்த சனங்கள். கடைசியில், "மேல் கீழ் பார்க்காமல் ஊரே ஒரே காதாகக் கேட்டது" என்று முடிப்பேன். அந்த வாக்கியத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தேன்.

போன தை மாதம் வத்தலக்குண்டில் ஒரு கிரகப்பிரவேசம். கதை அந்த வாக்கியத்தை எட்டியபோது, சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினார். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. "மருமகனே, நீ சொல்வது உன் தாத்தா கேட்ட ரேடியோ. எங்கள் அம்மா கேட்டது வேறு ரேடியோ" என்றார். அப்படியானால் இரண்டு ரேடியோ இருந்ததா என்று ஒரு பொடியன் கேட்டான். "பெட்டி ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி இடிக்கத் தொடங்கிவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கதையின் நடுவில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு வெற்றிலை இடிக்கிறாரே என்று. ஆனால் அந்தக் கல் அன்று இரவு பஸ்ஸிலும் என்னோடு வந்தது, அதன் பிறகும் போகவில்லை.

மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை

முதலில் தாத்தாவின் ரேடியோவைச் சொல்லிவிடுகிறேன். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. நகரத்துக்கு மட்டும் எட்டும்படி 250 வாட் மத்திய அலை, மாகாணத்தின் மற்ற பகுதிகளுக்காக 10 கிலோவாட் சிற்றலை. அடுத்த ஆண்டு 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் 5 கிலோவாட் மத்திய அலையில் பேசத் தொடங்கியது. பண்ணைக்காட்டிலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். திருச்சி வந்த பிறகே முதலாளிக்குப் பெட்டி வாங்கும் துணிச்சல் வந்தது. 1930 முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பிய சென்னை மாநகராட்சி ரேடியோவைக்கூட மலையில் கேட்டதாகத் தாத்தா சாதிப்பார். அந்தச் சிறிய ஒலிபரப்பு இத்தனை மலைகளைத் தாண்டி வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவரோடு நான் வாதிட்டதும் இல்லை.

பெட்டிக்கு லைசென்ஸ் தபாலாபீஸில் வாங்க வேண்டும், ஆண்டுக்கு 10 ரூபாய். தாத்தாவின் மாதச் சம்பளம் 18 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் அவர் எப்போதும் சேர்த்தே சொல்வார்.

மின்சாரம் கிடையாது. கண்ணாடிக் கூட்டுக்குள் அமிலம் ததும்பும் அக்குமுலேட்டர் ஒன்று, கனத்த உலர் பாட்டரி ஒன்று. அக்குமுலேட்டர் இறங்கிவிட்டால் அதை வத்தலக்குண்டுக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். காப்பி மூட்டை இறங்கும் மட்டக்குதிரையில் வைக்கோல் சுற்றி ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை சரிவில் குதிரை கால் வழுக்கி அமிலம் சிந்தியது. தாத்தா துண்டால் துடைத்து, மடியில் அணைத்துத் தூக்கிக்கொண்டு மீதி வழியை நடந்தார். அன்று வேட்டியில் ஒரு கறைகூட இல்லையாம். மறுநாள் துவைத்துப் பிழிந்தபோதுதான் தொடைப் பக்கம் சல்லடையாக உதிர்ந்தது. அமிலம் அப்படித்தான், தண்ணீர் பட்ட பிறகே தன் வேலையைக் காட்டும்.

ஏரியல் கம்பி இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பீங்கான் குமிழ் வைத்துக் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கிளை பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி ஜன்னல் வழியே வெளியேறி, கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த ஒரு குழாயில் முடியும். அந்த மண் ஈரமாக இருந்தால்தான் குரல் திடமாக வரும். தினமும் விளக்கு வைப்பதற்கு முன் அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஒரு பையன் இருந்தான். மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினால் பெட்டி பாடும் என்பதை அவன் கடைசி வரை சந்தேகமில்லாமல் நம்பினான். நம்பியதில் தவறும் இல்லை. சித்திரை, வைகாசியில் இடி கேட்டால் தாத்தா ஓடிப்போய் ஏரியலைப் பெட்டியிலிருந்து பிடுங்கி நேரே மண்ணோடு இணைத்துவிடுவார். அன்றைய கச்சேரி அதோடு சரி.

பாட்டரிப் பெட்டியில் முள் ஓடும் தட்டுக்கு வெளிச்சம் கிடையாது, அதற்கும் மின்சாரம் செலவாகுமே. ஒருவர் விளக்கைப் பிடிக்க, தாத்தா மூச்சை அடக்கிக்கொண்டு குமிழைத் திருகுவார். ஊளை, விசில், கரகரப்பு, ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண், மறுபடி ஊளை. பிறகு தம்பூரா. தாழ்வாரம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஒரு நொடி தவறினால் நிலையம் நழுவிவிடும், "கையை எடுக்காதே", "கொஞ்சம் இடது பக்கம்" என்று பத்துப் பேர் கட்டளை போடுவார்கள். கச்சேரி கேட்டேன் என்று தாத்தா சொன்னாலும், அவர் விவரித்ததெல்லாம் குமிழைப் பற்றித்தான். எந்த வித்துவான், என்ன ராகம் என்று கேட்டால் முழிப்பார். (பெட்டிக்குப் பின்னால் போய் உள்ளே ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்த கிழவர் எங்கள் ஊரிலும் உண்டு. இதே கிழவரைப் பற்றி ஏழு ஊர்களில் கேட்டுவிட்டேன். ஊர் ஊராகப் போய்ப் பெட்டியின் பின்புறம் பார்ப்பதையே அவர் தொழிலாக வைத்திருந்தார் போலும்.)

யுத்தம் வந்தது. டெல்லியிலிருந்து தமிழில் செய்தி வந்தது. 1942க்குப் பிறகு சில இரவுகளில் தாழ்வாரத்துக் கதவைச் சாத்திவிட்டு, சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் ரேடியோவைத் தேடினார்கள். அகப்பட்டதா என்றால் தாத்தா குரலைத் தாழ்த்தி, "அகப்பட்டது" என்பார். 1975இல், அவர் கொல்லையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லாத நேரத்திலும், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

அடுப்படி

அத்தை இப்போது இருப்பது பட்டிவீரன்பட்டியில், மலைக் காப்பி இறங்கிப் பதமாகும் ஊரில். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு வாரம் கழித்து, கால் வலியை விசாரிக்கப் போவதுபோல் போனேன். காப்பி வந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பத்தா கல்யாணமாகி மலைக்கு வந்தது 1940 ஆவணியில், பதினாறு வயதில். முதலாளியின் குடும்பம் அறுவடைக் காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறி வந்து தங்கும், அப்போது சமையல் அப்பத்தாவின் பொறுப்பு. ரேடியோ பாடும் மாலைகளில் தாழ்வாரத்துக் கூட்டத்துக்குக் காப்பி கலப்பதும் அவர்தான். பெட்டி இருந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒன்றரை முழம் கனத்தில் ஒரு கல்சுவர். பெட்டி வந்து ஐந்து வருடம் வரை அதை அப்பத்தா கண்ணால் பார்த்ததில்லை என்றார் அத்தை. முதன்முறை பார்த்தது எல்லோரும் ஒரு சாவுக்குப் போயிருந்த பகலில், அதன் மேல் போர்த்தியிருந்த துணியைத் துவைக்க எடுத்தபோது. "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டாராம்.

நான் உடனே இரக்கப்பட ஆரம்பித்தேன். பாவம், சுவருக்குப் பின்னால் நின்று, ஒழுங்காகக் கேட்கக்கூட முடியாமல் என்று ஏதோ சொன்னேன். அத்தை என்னை இடைமறித்தார். "யார் சொன்னது? அம்மாவுக்குத்தான் நன்றாகக் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் கரகரப்புதான் கேட்டது. அடுப்படிக்குக் கரகரப்பு வராது. பாட்டு மட்டும் வரும்."

அத்தை சிறுமியாக அந்த அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், 1950ஐ ஒட்டிய வருடங்களில். அவருக்கு நினைவிருப்பது இதுதான்: ஈர விறகின் புகை, தகர டப்பாவில் சுக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடி ஊதுகுழலை ஊதாமல் கையில் வைத்திருக்கும் அப்பத்தா. பேச்சு, செய்தி எல்லாம் தேன்கூடுபோல ஒரே இரைச்சலாக வரும், ஒரு சொல்லும் பிடிபடாது. போஸைத் தேடிய இரவுகளெல்லாம் அப்பத்தாவுக்கு வீண் இரவுகள். பாட்டு தொடங்கினால் சுவர் திறந்துகொள்ளும். மெட்டு வரும், தாளம் வரும், சொல் மட்டும் வராது. அதனால் சொல்லை அப்பத்தாவே போட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க, அவருடைய வாயிலிருந்து அவருடைய சொல். அத்தை ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்:

ஈர விறகே, எரிவாயோ
ஏலத் தோட்டம் அறிவாயோ
பூம்பாறை வேலா, வருவாயோ
புகையில் என்னைத் தெரிவாயோ

மூன்றாவது அடியில் அத்தையின் குரல் இறங்கி இறங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே போய், நாலாவது அடியின் நடுவில் மறுபடி எழுந்தது. வயது, மூச்சுப் பிடிக்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

அந்த ஆண்டுகளில் கீழே, சமவெளியில், ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கச்சேரி மேடையில் ஏன் தெலுங்குக் கீர்த்தனைகளே ஒலிக்க வேண்டும், தமிழ்ப் பாட்டுக்கு இடம் எங்கே என்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியது, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதித் தள்ளின. நான் அந்தச் சண்டையில் தமிழ் இசைக் கட்சிதான், இன்றைக்கும். ஆனால் ஒன்றரை முழக் கல்சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பிரச்சினையே எழவில்லை. அங்கே பாடப்பட்டது எந்த மொழியாக இருந்தாலும் இங்கே வந்து சேர்ந்தது தமிழாகத்தான், அதுவும் விறகும் ஏலமும் போட்ட தமிழாக.

கிளம்பும்போது வாசலில் நின்று, அப்படியானால் காப்பிக் களத்தில் நின்று கேட்டவர்களுக்கு, என்று ஆரம்பித்தேன். தோட்ட வேலைக்காரர்கள் தாழ்வாரம் ஏற முடியாது, மலையின் பழங்குடிகளான பளியர்கள் அதற்கும் அப்பால் நிற்பார்கள். என் கதையில் இவர்களெல்லாம் 'ஊர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டிருந்தார்கள். "அவர்களுக்குக் காற்று அடிக்கிற பக்கம்தான்" என்றார் அத்தை. "காற்று மேற்கே திரும்பினால் அவர்களுக்கு அன்று ரேடியோ இல்லை." முப்பது வருடம் மெருகேற்றிய வாக்கியம் அங்கேயே வாசற்படியில் உடைந்து கிடந்தது. நான் அதைப் பொறுக்கவில்லை.

936

கரகரப்பு சுவரைத் தாண்டாது, பாட்டு தாண்டும் என்பதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாவை உயர்த்திப் பேசுவதற்காக மகள் சொல்லும் வார்த்தையாக இருக்கலாமே. அந்த வீடு இன்னும் நிற்கிறது. கை மாறிக் கை மாறி, இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. தாழ்வாரத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள், அடுப்படியில் காஸ் அடுப்பு. சுவர் மட்டும் அதே சுவர், மேலே வெள்ளை பெயின்ட். மாசி மாதத்தில் ஒரு நாள் அறை எடுத்தேன். என்னிடம் இருந்தது இரண்டு அலைவரிசை கொண்ட பழைய டிரான்சிஸ்டர் ஒன்று.

முதலில் பண்பலையைத் திருப்பினேன். 100.5, கோடை பண்பலை, துளி அழுக்கில்லாமல் வந்தது. கொடைக்கானல் உச்சியில் கோபுரத்தை வைத்துக்கொண்டு பல மாவட்டங்களுக்குப் பாடுகிறது. ஒரு காலத்தில் கீழேயிருந்து வருமா வருமா என்று காது தீட்டிக் கிடந்த மலை இது. பிறகு மத்திய அலை, திருச்சி நிலையத்தின் 936. மாலை ஐந்து மணிக்கு முணுமுணுப்புதான். ஆறரைக்கு மேல், கிழக்குச் சரிவு இருண்ட பிறகு, அலைவரிசை முழுக்க நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்தன. பகலில் சூரியன் வானின் தாழ்ந்த அடுக்கொன்றை அயனியாக்கி வைத்திருக்கிறது, அது மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அப்போது அலைகள் இன்னும் உயரே போய், மோதி, திரும்பி வரும். இதை எங்கள் மலைக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1899இல் அமைந்து, சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் கொடைக்கானல் வானாய்வகத்தில், 1950களில் அந்த அடுக்குகளுக்கு ரேடியோத் துடிப்புகளை அனுப்பி எதிரொலியை அளந்தார்கள். பண்ணைக்காட்டுத் தாழ்வாரத்தில் அதே காலத்தில், குரல் திடீரென்று வலுத்தால் தாத்தாவைப் புகழ்ந்தார்கள், தேய்ந்தால் பாட்டரியைத் திட்டினார்கள்.

திருச்சியில் கச்சேரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, பெண் குரல். பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கேட்டால் மணல் அள்ளிக் கொட்டுவதுபோல இரைச்சல். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம், இதை அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவர் மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுவரில் முதுகைச் சாய்த்தேன்.

அத்தை சொன்னது உண்மை. மணல் இந்தப் பக்கம் வரவில்லை. கனத்த சுவர் கூர்மையான சத்தத்தையெல்லாம் தின்றுவிடுகிறது, தடித்த நாதத்தை மட்டும் விடுகிறது. கூடவே க, ச, த எல்லாம் உதிர்ந்து ஆ, ஓ, ஈ மட்டும் மிஞ்சுகிறது. வந்தது பாட்டின் எலும்பு. அல்லது உயிரா, தெரியவில்லை. மாவு பிசைந்தவர், "யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டார். முன்னறையில் இருந்தபோது எனக்குப் பாட்டு நடப்பதே பெரிய விஷயமாக இருந்தது. இங்கே வந்த ஒரு நிமிடத்தில், பாடுவது யார் என்ற கேள்வி வருகிறது.

சுமார் முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். நின்றபோதுதான் இன்னொன்று நடந்தது. பாட்டு மெல்ல விலகிப் போயிற்று. யாரோ ஒலியைக் குறைப்பதுபோல அல்ல, பாடுகிறவரே எழுந்து நடந்து ஒரு மேட்டைத் தாண்டிப் போவதுபோல. பத்துப் பதினைந்து விநாடி சுவரில் ஒன்றுமே இல்லை. பிறகு அதே பாட்டு, வேறொரு இடத்திலிருந்து, அதே நடையில் திரும்பி வந்தது. 130 கிலோமீட்டர் என்பது விவகாரமான தூரம். தரையோடு வரும் அலையும் வானத்தில் மோதி வரும் அலையும் அங்கே ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. சில நேரம் கைகோக்கும், சில நேரம் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பெட்டியின் முன்னால் இருப்பவன் இந்த இடத்தில் குமிழைத் திருகுவான், ஏரியலை ஆட்டுவான், பையனைத் தண்ணீர் ஊற்ற ஓட்டுவான். அடுப்படியில் இருப்பவருக்குத் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. போகும், வரும்.

ஊருக்குத் திரும்பியதும், சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவரிடம், அத்தை பாடியதை எனக்கு வந்த அளவில் முனகிக் காட்டினேன். ஆனந்தபைரவி மாதிரி இருக்கிறது என்றார். கேட்டுச் சந்தோஷப்படுவதற்குள், அந்த ராகம் கீர்த்தனையிலும் இருக்கும், கும்மியிலும் ஊஞ்சல் பாட்டிலும் இருக்கும், உங்கள் பாட்டி ரேடியோவில் கேட்டிருக்கலாம், இல்லாவிட்டால் பிறந்த ஊரிலிருந்தே கொண்டு வந்திருக்கலாம், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். சங்கீதம் தெரிந்தவர்களிடம் இதுதான் தொல்லை.

இதை அத்தையிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் போன் செய்து, அது ரேடியோப் பாட்டுதான் என்று எப்படித் தெரியும், கும்மிப் பாட்டாகக்கூட இருக்கலாம் இல்லையா அத்தை என்று கேட்டேன்.

"கும்மிப் பாட்டை எங்கள் அம்மா முழுசாகப் பாடுவாள்" என்றார். "ரேடியோப் பாட்டை அப்படிப் பாட மாட்டாள். அது போய்ப் போய் வரும். அப்படித்தான் பாட வேண்டும் என்பாள். நான் மூச்சு விடாமல் பாடினால் தலையில் குட்டு விழும்."

இன்னொரு தடவை பாடுங்கள் என்றேன். உரலைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. விறகு, ஏலத் தோட்டம், பூம்பாறை வேலன் என்று போய், குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து, போனில் ஒன்றும் இல்லாமல் ஆனது. லைன் அறுந்துவிட்டதோ என்று ஒரு கணம் "ஹலோ" சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காதை அழுத்திக்கொண்டு நின்றேன்.